ஆறு அங்குல உபதேசம்

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டம். என்னைப் போலவே கதை எழுதிக் காலம் தள்ளும் நண்பர் ஒருவர் மேடையில் அடித்துச் சொன்னார்: “ஈ-ரீடரில் படிக்க முடியாத தமிழ் நூல் இனிமேல் செத்த நூல்தான். ஸ்கேன் பிரதிகளைக் கட்டிக்கொண்டு அழுவதை நாம் நிறுத்திவிட வேண்டும்.” கூட்டம் கை தட்டிற்று. நானும் தட்டினேன் என்றே நினைக்கிறேன். இரண்டு பக்கத்திலும் தட்டும்போது நடுவில் இருப்பவனுடைய கை தானாகவே எழுந்துவிடுகிறது. வீடு திரும்பிப் படுத்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதுமே இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் வரும். அதனால்தான் பேச்சாளனாக வராமல் எழுத்தாளனாக வந்து சேர்ந்தேன்.

செத்தது எது? நூலா, அல்லது நண்பர் மேடையில் ஆட்டி ஆட்டிக் காண்பித்தாரே, அந்த ஆறு அங்குலக் கருவியா?

அந்தக் கருவியின்மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. என்னிடமும் ஒன்று இருந்தது. உள்ளங்கையில் அடங்கும், டெலிபோனைப் போலக் கண்ணில் வெளிச்சத்தை அடிக்காது, ஒரு தடவை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் உழைக்கும். 2007-ல் அமெரிக்காவில் கிண்டில் வந்தது. 2016 கடைசியில் தமிழ் நூல்களும் அதில் முறையாக விற்பனைக்கு வந்தன. அப்போது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். என் விரோதமெல்லாம் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள்மேல்தான். “என்ன ஈ-ரீடர் வாங்கலாம்?” என்று யார் கேட்டாலும், “நீங்கள் என்ன படிக்கப் போகிறீர்கள்?” என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்பதில்லை. “ஆறு அங்குலம் போதும்” என்று ஆசீர்வாதம் செய்துவிடுகிறார்கள். செருப்புக் கடைக்காரன்கூடக் காலைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை எடுக்கிறான்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். எழுபத்தாறு வயது. தெருவுக்கே அவர் டீச்சரம்மா. அவருடைய தாயார் வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவல்கள் என்றால் உயிரை விடுவாராம். மத்தியான வேளையில் தாயார் உரக்கப் படிக்க, அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து கேட்க, இந்தக் குழந்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டதாம். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியவர் வை.மு.கோ.; ‘ஜகன்மோகினி’ என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். இன்றைக்குக் கடைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். பையன் உங்களை மேலும் கீழும் பார்ப்பான். அந்த நாவல்களில் ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் ஸ்கேன் செய்து வைத்திருந்ததை நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். துபாயில் இருக்கும் பிள்ளை அம்மாவுக்கு ஓர் ஈ-ரீடர் அனுப்பியிருந்தான். ஆறு அங்குலம்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். கருவி பீரோவுக்குள் போயிருந்தது. டீச்சரம்மா சொன்னார்: “தம்பி, எனக்குக் கண்ணு போயிடுச்சுன்னு நினைக்கிறேன். புரை எடுத்து லென்ஸ் வச்ச கண்ணு. டாக்டர் நல்லாத்தான் இருக்குங்கிறார். ஆனா எழுத்தே தெரியலை. இனிமே படிப்பு அவ்வளவுதான் போல.”

வாங்கிப் பார்த்தேன். அவர் கண் போகவில்லை. எழுத்துத்தான் போயிருந்தது. பக்கம் முழுவதும் கடுகு இறைத்தாற்போல் கிடந்தது. மெய்யெழுத்தின் தலையில் இருக்கவேண்டிய புள்ளி பாதி இடத்தில் இல்லை. ‘க்’ எது, ‘க’ எது என்று ஊகித்து ஊகித்துத்தான் படிக்கவேண்டும். எனக்கே நாற்பத்தேழு வயது, சாளேசுரக் கண்ணாடி. நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. ஐம்பது வருஷம் படித்தும் படிப்பித்தும் வந்த ஒரு பெண்மணி, ‘என் கண் போய்விட்டது’ என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை மூடிவிட்டார். என் கோபத்துக்குக் காரணம் இதுதான். மற்றதெல்லாம் கணக்கு.

கணக்கையும் பார்த்துவிடலாம். நான் கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன். என் கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். அதுவே போதும்.

ஆறு அங்குலம் என்பது திரையின் அகலமும் அல்ல, உயரமும் அல்ல. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளந்த அளவு. அகலம் 3.6 அங்குலம், உயரம் 4.8 அங்குலம். நம்முடைய பழைய நாவல்களில் பெரும்பாலானவை கிரௌன் சைஸ்: 5 அங்குலம் அகலம், ஏழரை அங்குலம் உயரம். அந்தப் பக்கம் இந்தத் திரைக்குள் போகவேண்டுமானால் நூற்றுக்கு அறுபத்து நாலு பங்காகச் சுருங்கவேண்டும். பழைய அச்சில் எழுத்து முதலிலேயே பொடி. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டால் என்ன மிஞ்சும்? டெமி சைஸ் புத்தகமானால் இன்னும் மோசம்.

“எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாமே!” என்பார்கள். இங்கேதான் உபதேசிகள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். தட்டெழுத்தில் ஏற்றிய நூல் தண்ணீர் மாதிரி. எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அதன் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கி அமையும். ஸ்கேன் நூல் செங்கல். அது எழுத்து அல்ல, எழுத்தின் புகைப்படம். பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் பெரிதாகித் திரைக்கு வெளியே வழியும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் இழுக்கவேண்டும். இழுக்கும்போதெல்லாம் இந்த மின்மைத் திரை கண்ணைச் சிமிட்டும். பழைய எழுத்தின் நிழல் புதிய எழுத்தின் அடியில் தேங்கி நிற்கும். கதாநாயகி கிணற்றங்கரைக்குப் போகிறாள். நான் அவள் பின்னால் விரலைத் தேய்த்துக்கொண்டு போகிறேன். என்ன ரசனை இது!

என் அக்கா பிள்ளை சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறான். அவனும் ஆறு அங்குலக் கட்சிதான். “மாமா, கருவியைப் படுக்கப் போட்டுப் படிங்க. அகலம் 4.8 இஞ்ச் கிடைக்கும். அரைப் பக்கம் அரைப் பக்கமா வரும்” என்றான். கெட்டிக்காரன், அவன் சொன்னது வாஸ்தவம். கிரௌன் சைஸ் புத்தகத்தை அப்படிப் படித்தால் எழுத்து ஏறக்குறைய அச்சிலிருந்த அளவுக்கு வந்துவிடுகிறது. ஓரத்தின் வெற்றிடத்தையும் வெட்டிவிட்டால் இன்னும் கொஞ்சம் பெருக்கும். கையில் பணம் இல்லாதவர்களும், ஏற்கெனவே சின்னக் கருவியை வாங்கிவிட்டவர்களும் இதைச் செய்து பார்க்கலாம், குற்றம் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தை இரண்டாகக் கிழித்துக் கையில் கொடுத்தால் யாராவது அதைப் புத்தகம் என்பார்களா? அதோடு, புதிதாக வாங்கப் போகிறவனிடம் இந்த ஒட்டுவேலையை ஏன் விற்கவேண்டும் என்று கேட்டேன். பதில் இல்லை. மாமாவிடம் எதிர்த்துப் பேசக்கூடாது என்ற மரியாதை காரணமாக இருக்கலாம்.

மேடை நண்பரிடம் வேறு அஸ்திரம் இருந்தது. கூட்டத்துக்குப் பிறகு போனில் கேட்டபோது, “படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் வந்துவிட்டதே! பத்து வருஷத்தில் எல்லாம் எழுத்தாகிவிடும். அதுவரை காத்திருங்கள்” என்றார். மென்பொருள் நாளுக்கு நாள் திருந்தி வருகிறது, மறுக்கவில்லை. புது அச்சை அது நன்றாகவே படிக்கிறது. பழைய அச்சில்தான் தடுமாறுகிறது. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்னால் அச்சான நூல்களில், ‘லை’, ‘னை’, ‘ணை’ எல்லாம் யானைத் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ‘றா’, ‘னா’, ‘ணா’ எல்லாம் சுருண்டு ஓரெழுத்தாகவே இருக்கும். ரகரமும் துணைக்காலும் இரட்டைப் பிள்ளைகள்; பெற்ற தாய்க்குத்தான் அடையாளம் தெரியும். மை மங்கிய இடத்தில் புள்ளிகள் உதிர்ந்து போயிருக்கும். ஒரு பக்கத்தை மாற்றிப் பார்த்தேன். திருத்தி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. முந்நூறு பக்க நாவலுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் என்று ஆரம்பித்தார்களே, உலகத்தின் பல மூலைகளிலும் உட்கார்ந்து சம்பளம் வாங்காமல் தமிழ் நூல்களைத் தட்டெழுத்தில் ஏற்றினார்களே, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும். ஆனால் அப்படி ஏறியவை சங்க நூல்கள், சமய நூல்கள், பாரதி, கல்கி போன்ற பெரிய வீட்டுப் பிள்ளைகள். ஒரு பதிப்போடு மறைந்த நாவலுக்கு யார் தட்டுவது? கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற மனிதர் ஆயுள் முழுவதும் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும் 1994 முதல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களைக் காக்கும் நூலகம் நிறுவனத்திலும் ஆயிரக்கணக்கில் பக்கங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் படம். ‘எழுத்தாகும் வரை காத்திரு’ என்று எழுபத்தாறு வயது டீச்சரம்மாவிடம் போய்ச் சொல்ல நண்பருக்குத் தைரியம் உண்டா?

இதையும் பாருங்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தட்டெழுத்தில் எங்கும் கிடைக்கிறது. ஆனால் 1950 முதல் 1954 வரை அது வாராவாரம் பத்திரிகையில் வந்தபோது கூடவே வந்ததே மணியத்தின் சித்திரம், அந்தப் பக்கம் தட்டெழுத்தில் வராது. நம் வீட்டுப் பாட்டிகள் தொடர்கதையைக் கிழித்து பைண்டு செய்து வைத்தார்கள். அந்தப் பக்கங்களில் சித்திரம் உண்டு; பக்கத்துப் பத்தியில் சோப்பு விளம்பரமும் உண்டு. எனக்கு இரண்டும் வேண்டும்.

என் சொந்த வழக்கு ஒன்றும் இதில் இருக்கிறது. 2004-ல் என் முதல் சிறுகதைத் தொகுதி வந்தது. பதிப்பகம் இப்போது இல்லை. பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருவில் கோத்த ஃபைல் எந்தச் சி.டி.யில் செத்ததோ, தெரியாது. என் கைப்பிரதியை இரவல் கொடுத்தேன். வாங்கியவர் பெயரையும் மறந்துவிட்டேன். இருபது வருஷத்துக்குள்ளாகவே என் புத்தகம், நண்பரின் அகராதிப்படி, செத்த நூலாகிவிட்டது. போன வருஷம் டெலிகிராமில் யாரோ ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பதாக ஒரு வாசகர் எழுதினார். கள்ளப் பிரதிதான். நானே போய் என் புத்தகத்தைக் களவாடிக்கொண்டு வந்தேன். (எழுத்தாளன் உரிமை, களவுப் பிரதி என்று பேச எனக்கும் நிறைய இருக்கிறது; அது வேறொரு நாள் சண்டை.) சின்னக் கருவியில் ஓரத்தை வெட்டித்தான் படித்தேன். பிறகு பெரிய திரையில் முழுப் பக்கமாகப் பார்த்தபோது, நாற்பத்திரண்டாம் பக்கத்தின் ஓரத்தில், நான் மிகவும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பத்திக்கு நேராக, யாரோ பென்சிலால் ‘பொய்’ என்று எழுதியிருந்தது தெரிந்தது. இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல விமரிசனம் அது. ஓரத்தை வெட்டினால் அதுவும் சேர்ந்து போய்விடுகிறது.

சரி, என்னதான் வாங்குவது? நான் கேட்டுக்கொள்வதெல்லாம், கருவியைப் பார்த்துப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதுதான். முதலில் உங்களிடம் இருக்கும் பக்கத்தை அளந்து பாருங்கள். கிரௌன் சைஸ் நாவல்கள்தான் உங்கள் ஆகாரம் என்றால் 7.8 அங்குலத் திரை ஒப்பேறும். ஓரத்தை வெட்டினால் எழுத்து அச்சு அளவுக்கே வந்துவிடும். 10.3 அங்குலம் என்றால் திரை 6.2-க்கு 8.2, கிரௌன் பக்கம் ஓரத்தோடு முழுசாக நிற்கும், டெமி பக்கமும் கிட்டத்தட்ட முழு அளவில் நிற்கும். நான் வைத்திருப்பது இதுதான். பத்திரிகைத் தொகுப்புகளும் பெரிய அகராதிகளும் படிக்கிறவருக்கு 13.3 அங்குலம் இருக்கிறது. தாம்பாளம் மாதிரி இருக்கும், படுத்துக்கொண்டு படித்தால் மூக்கில் விழும். பெரிய திரைக்கு இரண்டு மூன்று பங்கு விலை என்பது நிஜம். உள்ளே இருப்பது பெரும்பாலும் கண்ணாடித் தகடு; டிபன் கேரியரோடு பையில் போட்டால் பிழைக்காது.

அளவுக்கு அடுத்தது கறுப்பு. பழைய காகிதம் பழுப்பு. ஸ்கேனில் அது சாம்பலாகிவிடுகிறது. சாம்பல்மேல் மங்கல் எழுத்து. எழுத்தைக் கறுப்பாக்கி, தாளை வெளுப்பாக்கும் வசதி கருவியில் இருக்கவேண்டும். கோபோ, பாக்கெட்புக், பூக்ஸ் போன்றவற்றில் கோரீடர் என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொண்டால் இந்த வேலையை அழகாகச் செய்கிறது. ஓரத்தையும் அதுவே வெட்டும், டிஜாவு என்னும் ஸ்கேன் கோப்பு வகையையும் படிக்கும். வண்ணத் திரை என்று ஆசை காட்டுவார்கள். பழைய நாவல் படிக்கிறவர்கள் ஏமாறவேண்டாம். வண்ணம் காட்டுவதற்காகத் திரையின்மேல் ஒரு வடிகட்டியை ஒட்டுகிறார்கள். அதனால் வெள்ளையே சற்று இருண்டுவிடுகிறது. கறுப்பெழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் வண்ணம் 150 புள்ளிதான். ஏற்கெனவே இருண்ட பக்கத்தை மேலும் இருட்டாக்கக் காசு கொடுப்பானேன்?

இந்தப் பெரிய கருவிகள் எங்கள் ஊர்க் கடையில் கிடையாது, இணையத்தில் வரவழைக்கவேண்டியவை. பார்க்காமல் எப்படி வாங்குவது? நான் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் ஸ்கேன் புத்தகத்தில் மிக மோசமான ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். 3.6-க்கு 4.8 அளவில் ஒரு பிரதி, 6.2-க்கு 8.2 அளவில் ஒரு பிரதி அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டையும் சாயங்கால வெளிச்சத்தில், வழக்கமான கண்ணாடியோடு, வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து படியுங்கள். சில ரூபாய் செலவு. எந்த உபதேசியும் இதைச் சொல்லித் தருவதில்லை. சொன்னால் ஆறு அங்குலத்தின் சாயம் ஜெராக்ஸ் கடையிலேயே வெளுத்துவிடும்.

ஸ்கேன் செய்கிறவர்களோடும் எனக்கு ஒரு தகராறு உண்டு. நல்ல காரியம் செய்கிறவர்கள் என்பதால் மெதுவாகச் சொல்கிறேன். விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே படமாக எடுக்காதீர்கள். எந்தத் திரையும் தாங்காது. பக்கத்தின் நடுவில் குறுக்கே உங்கள் முத்திரையைப் போடாதீர்கள். கம்ப்யூட்டரில் அது வெளிறிய நீலமாகத் தெரியலாம். மின்மையில் கறுத்து, நாலு வரியை விழுங்கிவிடுகிறது. உங்கள் பெயரை முதல் பக்கத்தில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். நன்றியோடு படிக்கிறோம்.

டீச்சரம்மாவுக்கு என்னுடைய 10.3 அங்குலத்தை ஒரு மத்தியானத்துக்கு என்று கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரமாகத் திரும்பி வரவில்லை. இரண்டு தடவை கேட்காமல் கேட்டுப் பார்த்தேன். புரியாதவர் போல இருந்துவிட்டார். போன வெள்ளிக்கிழமை அவரே ஆள் அனுப்பினார். கருவியைத் திருப்பித் தரத்தான் என்று ஓடினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கோபமாக உட்கார்ந்திருந்தார்.

“என்ன தம்பி புத்தகம் குடுத்தீங்க? நூத்திப் பன்னெண்டுக்கு அப்புறம் நூத்திப் பதினஞ்சு வருது. நடுவிலே ஒரு தாளைக் காணோம். அந்தப் பக்கம் நிச்சயதார்த்தம், இந்தப் பக்கம் பொண்ணு ரயில்லே போய்க்கிட்டிருக்கா. என்ன நடந்துச்சு? யார் நிறுத்தினது?”

அடுத்த மாதம் சென்னைக்குப் போகும்போது நூலகங்களில் விசாரித்துப் பார்ப்பதாகச் சொன்னேன். “பாருங்க. அதுவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்” என்று கருவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.